ஒரு கேன் பின்னால்

மணலேரிப்பட்டி
ஆகஸ்ட் 5, 2024, திங்கள்

சின்னராஜுக்கு,

நேற்று போனில் "அக்கா, கத்தாதீங்க, எதுவா இருந்தாலும் எழுதி மெயில்ல அனுப்புங்க" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். கத்தியது யார் என்பதை விட்டுவிடுகிறேன். எழுதச் சொன்னீர்கள், எழுதுகிறேன். நாளைக்கு யாராவது கேட்டால் காட்டவும் உதவும்.

ஞாபகத்துக்காக முதலிலிருந்தே சொல்கிறேன். பாலில் கொழுப்பு எவ்வளவு என்று பார்க்கும் நம் பால் சங்கத்தின் டெஸ்ட் மெஷின் ரோட்டோரக் கொட்டகையில் இருக்கிறது. அங்கே ஈரமும் எலியும் சேர்ந்து இரண்டு கம்ப்யூட்டர்களைக் கொன்றன. அதனால் கம்ப்யூட்டரை எண்பது மீட்டர் தள்ளிப் புது ஆபீசுக்கு மாற்றினோம். மெஷினுக்கு இருப்பது அந்தக் காலத்து ஒன்பது ஊசி சீரியல் போர்ட், அந்த வயரை இவ்வளவு தூரம் இழுக்க முடியாது என்று சொல்லி, நீங்கள் சோப்பு டப்பா அளவில் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து கொட்டகைச் சுவரில் மாட்டினீர்கள். மெஷின் சொல்வதை அந்தப் பெட்டி வாங்கி நெட்வொர்க் வழியாக அனுப்பும், மெஷின் தன் பக்கத்திலேயே இருப்பதாகக் கம்ப்யூட்டர் நம்பிவிடும் என்றீர்கள். ஏமாறப்போவது கம்ப்யூட்டர் என்றுதான் நினைத்தேன். இப்போது ஏமாந்து நிற்பது நான்.

நேற்றுக் காலை கரண்ட் போய் வந்ததிலிருந்து திரையில் "காம் 5 இல்லை" என்றே, அதாவது மெஷினைக் காணோம் என்றே வருகிறது. கொட்டகையில் அறுபது பேர் கேனோடு நிற்கிறார்கள். டெஸ்ட் வைக்கும் வீரமணி அங்கிருந்து கத்துகிறார், நான் இங்கிருந்து கத்துகிறேன். கடைசியில் எல்லோருக்கும் கையால் சீட்டு எழுதிக் கொடுத்தேன். விரல் வீங்கிவிட்டது.

பானுமதி
செயலாளர்

---

ஓசூர்
ஆகஸ்ட் 6

பானுமதி அக்காவுக்கு,

கரண்ட் போய் வந்ததும் உங்கள் ரூட்டர் பெட்டிக்குப் புது முகவரி கொடுத்துவிட்டது. கம்ப்யூட்டர் பழைய முகவரியில் போய்க் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான். இங்கிருந்தே ஆபீஸ் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து பெட்டிக்கு நிரந்தர முகவரி கொடுத்துவிட்டேன். இனி மாறாது. ரூட்டரை யாரும் தொட வேண்டாம். முக்கியமாக, அந்தப் பிளக்கைப் பிடுங்கி அதில் போன் சார்ஜ் போடுகிறவர் யாரோ, அவர் தொட வேண்டாம்.

என் நிலைமையையும் கொஞ்சம் புரிந்துகொள்ளுங்கள். ஷிப்டில் இருக்கும்போது போனை உள்ளே எடுத்துப்போக விடமாட்டார்கள். எட்டு மணி நேரம் இங்கே மெஷின்களோடு மல்லுக்கட்டிவிட்டு வெளியே வந்தால் உங்களிடமிருந்து பதினாலு மிஸ்டு கால். ஊருக்காக நானாக இழுத்துப்போட்டுச் செய்த வேலை இது. எங்கள் தெருவிலிருந்து சங்கத்தில் முதன்முதலில் பால் ஊற்றியது எங்கம்மா. அன்றைக்கு அவர் கேனை வரிசையில் வைக்க எவ்வளவு பேச்சு வாங்கினார் என்று உங்களுக்கும் தெரியும். அந்தச் சங்கத்துக்கு என் கையால் ஒன்று செய்ய வேண்டும் என்றுதான் செய்தேன். அதற்காக நான் இருபத்து நாலு மணி நேர வேலையாள் இல்லை.

சின்னராஜ்

---

ஆகஸ்ட் 12, திங்கள்

சின்னராஜுக்கு,

முகவரி சரியாகிவிட்டது, சந்தோஷம். இப்போது ரீடிங் உடைந்து வருகிறது.

4.3 என்று வர வேண்டிய ஃபேட் ஒரு சீட்டில் 4 என்றும் அடுத்த சீட்டில் வெறும் 3 என்றும் வருகிறது. சங்க டைரக்டர் பெரியண்ணன் பாலுக்கு இன்று 0.8 வந்தது. ஆபீஸ் சன்னலில் வந்து நின்றுகொண்டு, "என்னா பானுமதி, எங்கூட்டு மாடு பால் கறக்குதா, பன்னீர் கறக்குதா?" என்று ஊரே கேட்கக் கேட்டார். அவர் கேட்டால் தமாஷ். நான் பதில் சொன்னால் திமிர்.

அதிலிருந்து சீட்டை ஒருவரும் நம்புவதில்லை. மெஷினின் சின்னத் திரையில் என்ன வருகிறது என்று ஆளாளுக்கு எட்டிப் பார்க்கிறார்கள். ஒருவர் பார்த்து முடிப்பதற்குள் அவருக்குப் பின்னால் நான்கு தலை. ஏழு மணிக்கு வர வேண்டிய பால் வண்டி வந்து நின்று ஹாரன் அடிக்கிறது. எனக்குத் தலைவலி மாத்திரை தீர்ந்துவிட்டது. உங்களை நம்பி ஊர்ப்பேச்சு வாங்குவதற்கு நோட்டும் பேனாவுமே தேவலாம் என்று தோன்றுகிறது.

பானுமதி

---

ஆகஸ்ட் 13

அக்காவுக்கு,

நோட்டும் பேனாவும் தேவலாம் என்றால் பெட்டியைக் கழற்றி எலிக்குக் கொடுத்துவிடுங்கள்.

கோபத்தில் எழுதிவிட்டேன். விஷயத்துக்கு வருகிறேன். பெட்டி தன்னிடம் வந்ததை வந்தவுடனே துண்டு துண்டாக அனுப்பிக்கொண்டிருந்தது. அதனால்தான் ரீடிங் உடைந்தது. இன்று ஷிப்ட் முடிந்ததும் அதை மாற்றிவிட்டேன். மெஷின் ஒவ்வொரு ரீடிங்குக்கும் வரி முடிந்தது என்று ஒரு குறி போடும். இனிமேல் அந்தக் குறி வரும்வரை பெட்டி எல்லாவற்றையும் பிடித்து வைத்திருக்கும். குறி வந்த பிறகுதான் மொத்தமாக அனுப்பும். இனி பாதி ரீடிங் என்ற பேச்சே இருக்காது.

மெஷின் திரையை அட்டை வைத்து மூடிவிடுங்கள். சீட்டு ஒன்றுதான் கணக்கு என்று ஆகிவிட்டால் வரிசை தானாக நகரும்.

சின்னராஜ்

---

ஆகஸ்ட் 21, புதன்

சின்னராஜுக்கு,

நீங்கள் மாற்றியதிலிருந்து ஒரு சீட்டும் உடையவில்லை. சொன்னபடியே திரையை மூடிவிட்டோம். வீரமணி பழைய காலண்டர் அட்டையை வெட்டி ஒட்டிவிட்டார். இப்போது திரை இருந்த இடத்தில் காலண்டர் முருகன் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

ஆனால் இரண்டு விஷயம் எனக்குச் சரியாகப் படவில்லை.

தினமும் வரிசையில் முதல் ஆள் மாது. அவருக்கு மட்டும் சீட்டு சைபர் வருகிறது. அதே பாலை இரண்டாவது முறை வைத்தால் சரியாக வந்துவிடுகிறது. தினமும் இதே கதைதான்.

இன்னொன்று, ஒரு உறுப்பினரைப் பற்றியது. அவர் பால் எப்போதும் 4.5-க்குக் குறைந்ததில்லை. நான் இந்த நாற்காலியில் உட்கார்ந்து ஒன்பது வருடமாகப் பார்க்கிறேன். ஒரு வாரமாக அவருக்குத் தினமும் 2.4, 2.5 என்று வருகிறது. அவர் சீட்டைப் பார்த்துவிட்டு மடித்து எடுத்துக்கொண்டு போய்விடுவார். நேற்று மட்டும் "இன்னொருக்கா வெச்சுப் பாருங்க" என்றார். வைத்தோம், 4.5 வந்தது. உடனே பெரியண்ணன், "மொதல்ல தண்ணிப் பாலு, மாட்டிக்கிட்டதும் நல்ல பாலு, கேனை மாத்திட்டா" என்றார். அந்த அம்மா கையில் இருந்தது ஒரே ஒரு கேன். நான் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் பத்துப் பேர் பெரியண்ணனுக்குத் தலையாட்டினார்கள்.

எனக்குத் தொழில்நுட்பம் தெரியாது. பால் தெரியும். தயவுசெய்து ஒருமுறை பாருங்கள்.

பானுமதி

---

ஆகஸ்ட் 22

அக்காவுக்கு,

பார்த்துவிட்டேன். பெட்டியில் ஒரு குறையும் இல்லை.

ரீடிங் முழுதாக வருகிறதா? வருகிறது. அப்படியென்றால் என் வேலை முடிந்தது. பெட்டி தபால்காரர் மாதிரி. கவரை எடுத்துவந்து கொடுக்கும், உள்ளே இருக்கும் எழுத்தை மாற்றாது. மாதுவுக்கு சைபர் வருவது, நீங்கள் காலையில் மெஷினைத் தண்ணீர் வைத்துக் கழுவுகிறீர்களே, அந்தத் தண்ணீர் உள்ளே மிச்சம் இருப்பதால். மெஷின் கொஞ்சம் சூடாகட்டும்.

அந்த உறுப்பினர் விஷயம் நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை. தண்ணீர் கலக்கிறவர்கள் மாட்டிக்கொண்டால் முதல் பழி மெஷின்மேல்தான் போடுவார்கள். நான் வேலை செய்யும் இடத்திலும் இதே கதைதான். மறு டெஸ்ட் என்று ஒன்று இருக்கும்வரை ஏமாற்று நடக்கும். முதல் ஆளைத் தவிர வேறு யாருக்கும் மறு டெஸ்ட் கிடையாது என்று சொல்லிவிடுங்கள். மூன்று நாள் தொடர்ந்து இப்படி வந்தால் பேரை போர்டில் எழுதிப் போட்டுப் பாலை நிறுத்துங்கள். நான் சொன்னேன் என்றே சொல்லுங்கள். எங்கம்மா இருபது வருடமாக ஊற்றுகிறார். ஒரு நாளும் ஒரு சொட்டுத் தண்ணீர் கலந்ததில்லை. அப்படிப்பட்டவர்கள் ஊற்றுகிற சங்கத்துக்கு ஒருத்தரால் கெட்ட பேர் வரக்கூடாது.

சின்னராஜ்

---

ஆகஸ்ட் 27, செவ்வாய்

சின்னராஜுக்கு,

நீங்கள் சொன்னபடி மூன்று நாள் பார்த்தோம். 2.4, 2.3, 2.4. நேற்று போர்டில் பேர் எழுதியாகிவிட்டது. பாலையும் நிறுத்தியாகிவிட்டது.

அந்த உறுப்பினர் யார் என்று நீங்கள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். உங்கள் அம்மா, சாலம்மாள்.

இதை எழுத இரண்டு நாளாக உட்கார்ந்து எழுந்துகொண்டிருக்கிறேன். போன வாரமே சொல்லியிருப்பேன். மறு டெஸ்ட் வைத்த அன்று உங்கள் அம்மா ஆபீசுக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு, "பானும்மா, அவனுக்கு எழுதறப்ப என் பேரைச் சொல்லாதீங்க. அது அவன் வெச்ச பொட்டி. பொட்டி தப்புன்னு ஊரு பேசினா அவன் மனசு ஒடிஞ்சுடும். என் பேரு போனாப் போவுது" என்றார். அதனால்தான் "ஒரு உறுப்பினர்" என்று எழுதினேன். பெட்டியைப் பார்த்துச் சரிசெய்துவிடுவீர்கள், யாருக்கும் தெரியாமல் முடிந்துவிடும் என்று நம்பினேன்.

நீங்கள் எழுதிய பதிலை டைரக்டர்களுக்குக் காட்ட வேண்டியதாயிற்று. அது என் தப்பு. நான் காட்டியிருக்கக்கூடாது. பெரியண்ணன் அதைப் பிரிண்ட் எடுக்கச் சொல்லி, நேற்றுக் காலை கொட்டகையில் வரிசைக்கு முன்னால் நின்று சத்தமாகப் படித்தார். "மூணு நாள் இப்படி வந்தா பேரை போர்டுல எழுதுங்கன்னு இவ மவனே எழுதியிருக்கான். இதுக்கு மேல என்ன வேணும்?" என்றார். உங்கள் அம்மா அதைக் கடைசி வரை நின்று கேட்டார். பிறகு கேனை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். இன்று காலை கடத்தூர் பஸ்ஸில் கேனோடு ஏறியதை வீரமணி பார்த்திருக்கிறார். அங்கே டீக்கடையில் ஊற்றுகிறாராம்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் பேசியபோது உங்களிடம் ஏதாவது சொன்னாரா? சொல்லியிருக்க மாட்டார்.

இன்னொன்று. பாஞ்சாலி தினமும் உங்கள் அம்மாவுக்கு அடுத்து நிற்பவர். இந்த இரண்டு வாரமாக அவருக்கு 4.5 வந்துகொண்டிருந்தது. பருத்திக்கொட்டை வைத்ததால் என்று ஊரெல்லாம் பெருமை பேசிக்கொண்டிருந்தார். உங்கள் அம்மா வராத இன்று பாஞ்சாலிக்கு 2.4. இது எப்படி என்று உங்கள் தபால்காரரைக் கேட்டுச் சொல்லுங்கள்.

பானுமதி

---

ஆகஸ்ட் 27, மாலை

அக்கா,

ஒன்பது முறை அம்மாவுக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. நீங்களும் எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை "பால் எல்லாம் எப்படிம்மா போவுது" என்று கேட்டேன். "நல்லா போவுது, நீ சாப்ட்டியா" என்றார். நான் அந்த மெயிலை எழுதி மூன்று நாள் ஆகியிருந்தது.

ஏன் அக்கா சொல்லவில்லை? ஒரு வார்த்தை, "சாலம்மாள்" என்று எழுதியிருந்தால் போதுமே. அவர் சொல்லாதே என்றால் நீங்கள் சொல்லாமல் இருந்துவிடுவதா? ஒன்பது வருடம் அவர் பாலைப் பார்த்ததாகச் சொல்கிறீர்கள். பெரியண்ணன் படித்தபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள்? சன்னலுக்குப் பின்னாலா?

நாளைக் காலை அந்த அட்டையைக் கிழித்துப் போடுங்கள். கழுவும் தண்ணீரிலிருந்து ஆரம்பித்து, வரிசைப்படி, திரையில் என்ன வருகிறது, சீட்டில் என்ன வருகிறது என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி அனுப்புங்கள். மறு டெஸ்ட் யாருக்கும் வேண்டாம், மாதுவுக்கும் வேண்டாம். ஒருவரையும் விடக்கூடாது.

சின்னராஜ்

---

ஆகஸ்ட் 28, புதன்

சின்னராஜுக்கு,

ஆமாம், சன்னலுக்குப் பின்னால்தான் இருந்தேன். எழுந்து போயிருக்க வேண்டும். போகவில்லை. ஆனால் அந்த மெயிலை நான் எழுதவில்லை என்பதையும் நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்டதை எழுதியிருக்கிறேன். கொட்டகையில் வீரமணி திரையைப் பார்த்து எழுதினார், ஆபீசில் நான் சீட்டைப் பார்த்து எழுதினேன். பிறகு இரண்டு நோட்டையும் பக்கத்தில் வைத்தேன்.

கழுவும் தண்ணீருக்குத் திரையில் 0. மாதுவுக்குத் திரையில் 3.8, சீட்டில் 0. அடுத்து நின்ற குள்ளம்மாளுக்குத் திரையில் 3.5, சீட்டில் 3.8. பெரியண்ணனுக்குத் திரையில் 2.4, சீட்டில் 3.5. பாஞ்சாலிக்குத் திரையில் 3.6, சீட்டில் 2.4.

இதற்கு மேல் எழுதத் தேவையில்லை என்று நினைக்கிறேன். பாஞ்சாலி வரியை எழுதியதும் பேனாவை வைத்துவிட்டேன். ஒவ்வொருவருக்கும் முன்னால் நின்றவருடைய சீட்டு வந்திருக்கிறது. நம் ஊரில் வரிசை மாறாது என்பது உங்களுக்குத் தெரியும். விடிந்ததும் யார் கேன் எங்கே இருக்க வேண்டுமோ அங்கே இருக்கும், அவரவர் இடம் அவரவருக்கு. இருபது வருடமாகப் பெரியண்ணனுக்குப் பின்னால் உங்கள் அம்மா. அவர் பின்னால் பாஞ்சாலி.

தண்ணீர் யாருடையது என்று புரிந்தது. சீட்டைப் பார்த்து நான் போர்டில் எழுதினேனே, அந்தச் சாக்பீஸை என்ன செய்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

பானுமதி

---

ஆகஸ்ட் 28, மாலை

அக்காவுக்கு,

ஷிப்டுக்குப் போகவில்லை. மெஷினோடு வந்த கையேட்டைத் தேடி எடுத்து முதல்முறையாக முழுக்கப் படித்தேன். கடைசிப் பக்கத்தில் இருக்கிறது.

வரி முடிந்த குறியை இந்த மெஷின் ரீடிங்கின் கடைசியில் போடுவதில்லை. அடுத்த ரீடிங்கின் தலையில் போடுகிறது. பெட்டியிடம் நான் என்ன சொல்லி வைத்தேன்? குறி வரும்வரை பிடித்து வை என்றேன். அது சொன்னபடி பிடித்து வைத்திருந்தது. பெரியண்ணன் பாலுக்கு வந்த ரீடிங் பெட்டிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். அம்மாவின் பாலை வைத்ததும் மெஷின் குறி போடும். அப்போது பெட்டி திறந்து பெரியண்ணனுடையதை அனுப்பும். நீங்கள் சன்னலில் அம்மாவைப் பார்த்து அம்மாவின் எண்ணைத் தட்டியிருப்பீர்கள். காலையில் கழுவிய தண்ணீரின் சைபர்தான் மாதுவுக்குப் போயிருக்கிறது. இரண்டாவது முறை வைத்தால் முதல் முறையின் ரீடிங் வெளியே வரும். அதனால்தான் மறு டெஸ்டில் எல்லாம் சரியாக வந்தது. அம்மா கேட்டு வாங்கிய அந்த 4.5-தான் உண்மை. அதை வேண்டாம் என்று சொன்னவன் நான். திரையை மூடச் சொன்னவனும் நான். மாதுவின் சைபரை நீங்கள் எழுதியபோதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இப்போது மாற்றிவிட்டேன். பெட்டி இனிக் குறிக்காகக் காத்திருக்காது. மெஷின் பேசி முடித்து அரை நொடி சும்மா இருந்தால், வந்ததை அப்போதே அனுப்பிவிடும்.

நேற்று உங்கள்மேல் கோபப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். ஒரு வேலை செய்யுங்கள். இந்த மெயிலைப் பிரிண்ட் எடுத்து, அந்த மெயிலைப் படித்த அதே இடத்தில், அதே நேரத்தில் படியுங்கள். பெரியண்ணனே படித்தால் நல்லது. குற்றம் சின்னராஜுடையது, சாலம்மாளுடையது இல்லை என்பதை ஊர் கேட்க வேண்டும்.

அம்மா இன்னும் போன் எடுக்கவில்லை. ஊருக்கு வரலாம் என்று பஸ் ஸ்டாண்டு வரை போனேன். அவர் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று தெரியவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

சின்னராஜ்

---

செப்டம்பர் 1, ஞாயிறு

சின்னராஜுக்கு,

உங்கள் கடிதத்தை வியாழக்கிழமை காலை கொட்டகைக்கு எடுத்துப்போனேன். பெரியண்ணனிடம்தான் முதலில் நீட்டினேன். "கண்ணாடி கொண்டாரலை" என்றார். திங்கட்கிழமை அவருக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை என்று வாய்வரை வந்தது. சொல்லியும்விட்டேன். பிறகு நானே படித்தேன், "குற்றம் சின்னராஜுடையது" என்பது வரை, ஒரு எழுத்து விடாமல். அன்று பெரியண்ணன் சீட்டில் 2.4 வந்தது. பொட்டி மறுபடி கெட்டுப்போச்சு என்று சொல்லிப் பார்த்தார். அட்டை இல்லாத திரையை வீரமணி விரலால் காட்டினார். மறுநாளிலிருந்து அவர் வீட்டுப் பால் வரவில்லை.

அன்றே சாயங்காலம் உங்கள் வீட்டுக்குப் போனேன். என் தப்பையும் உங்கள் தப்பையும் சேர்த்துச் சொன்னேன். உங்கள் அம்மா மாட்டுக்குத் தவிடு கலந்துகொண்டே கேட்டார். "பொட்டி என்ன பண்ணிச்சுன்னு எனக்கு வெளங்கற மாதிரி சொல்லுங்க" என்றார். ஒவ்வொருத்தர் சீட்டும் ஒரு கேன் பின்னால் தள்ளிப் போச்சு, கழுவின தண்ணி முதல் ஆளுக்குப் போச்சு என்றேன். "அவ்ளோதானா" என்றார். வாருங்கள் என்று கூப்பிட்டேன். தவிட்டுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு மாட்டிடம் போய்விட்டார். வெள்ளியும் சனியும் கடத்தூர் பஸ்ஸில்தான் போனார். போர்டில் அவர் பேரை அழிக்கப் போனேன். அவர் வந்து பார்க்காமல் அழிப்பது எங்கள் தப்பை மறைக்கிற மாதிரி இருந்ததால் அப்படியே விட்டுவைத்தேன்.

இன்று காலை வந்தார். விடிவதற்கு முன்பே வந்து, வரிசையில் தன் இடத்தில் வைக்காமல் கேனை மாதுவுக்கு முன்னால் கொண்டுபோய் வைத்துவிட்டார். மாது, "என்ன சாலம்மா, அது என் எடம்" என்றார். உங்கள் அம்மா, "இன்னைக்கு ஒரு நாளைக்கு உடுங்க. கழுவற தண்ணிக்குப் பின்னால நிக்கறேன். தண்ணி வருதா, என் பாலு வருதான்னு பாத்துக்கலாம்" என்றார். மறுபடி சைபர் வந்தால் இந்த ஊரில் அவர் அதற்குப் பிறகு கேனை எடுத்துக்கொண்டு வெளியே வர முடியாது. ஓடிப்போய், முதலில் வேறு யாராவது வைக்கட்டுமே என்றேன். "எதுக்கு? சரி பண்ணிட்டன்னு அவன் எழுதியிருக்கான்ல" என்றார்.

வீரமணி தண்ணீர் வைத்தார். பிறகு அவர் பால். சீட்டு 4.5.

சாக்பீஸ் தூள் கையெல்லாம் ஒட்ட, அவர் கண் எதிரே போர்டைத் துடைத்தேன். பிறகு சீட்டைக் கொடுத்தேன். அவர் அதைப் படித்துப் பார்க்கவில்லை. மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, காலி கேனைக் கவிழ்த்துத் தட்டிவிட்டு, "அவனுக்கு எழுதுங்க, பொட்டி நல்லாத்தான் இருக்குதுன்னு. போன் பண்ண வேணாம்னு சொல்லுங்க. பஸ் ஏறி வரச் சொல்லுங்க" என்றார்.

எழுதிவிட்டேன்.

பானுமதி